விரல் வைக்க ஒரு வரி

மூன்றாவது முறையும் இருபத்தாறுதான்.

முதல் தடவை இருபத்தாறு, இரண்டாவது தடவை இருபத்தேழு, இப்போது மறுபடியும் இருபத்தாறு. அறுபதுக்கு. ஏறிய அந்த ஒரு மார்க்குக்கும் மேலே இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, இறங்கி வந்துவிட்டது. பக்கத்துக் கட்டத்தில் கணக்குக்கு ஐம்பத்து நான்கு என்று போட்டிருந்தது. அதை யார் கேட்டார்கள்? பிசினஸ் ஸ்கூல் நுழைவுத் தேர்வில் இரண்டு பகுதியிலும் நாற்பதைத் தொட்டாக வேண்டும். வெர்பல் என்கிற மொழிப் பகுதியில் இருபத்தாறு எடுத்தவள் கணக்கில் தலைகீழாக நின்றாலும் வாசலோடு சரி.

ஏழு லேப்டாப்பை அறைந்து மூடினாள். சமையலறை மேசையில் இருந்த கரண்டி எகிறிக் கீழே விழுந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த புருஷன் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற மெக்கானிக் அவன். எந்தச் சத்தத்துக்குத் திரும்ப வேண்டும், எதற்குத் திரும்பக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

ஏழு என்பது அவள் பெயரில்லை. ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் ஏழாம் நம்பர் மேசையில் பதினான்கு வருஷமாக உட்கார்ந்து அவசர அழைப்புகளை எடுக்கிறாள். பெரியவர்கள் ஏழு என்பார்கள், சின்னவர்கள் ஏழக்கா என்பார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அது பதிவேட்டோடு சரி.

"காட்டுங்க அண்ணி," என்று நாத்தனார் லேப்டாப்பை மறுபடி திறந்தாள்.

புருஷனின் தங்கை. முப்பத்தொரு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். இதே தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்வதுதான் அவள் தொழில். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் ஏற்றிவிடுகிறவளுக்குச் சொந்த அண்ணி இருபத்தாறில் நிற்பது தொழில் மானப் பிரச்சனை. தப்பான விடைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறிக்கொண்டே போனது.

"எல்லாம் ஒரே தப்பு அண்ணி."

"எப்படி ஒரே தப்பு? முப்பத்து நாலு கேள்வி தப்பா இருக்கு."

"முப்பத்து நாலும் ஒரே தப்பு. இதைப் பாருங்க. தொழிற்சாலையில புது ஹெல்மெட் குடுத்தாங்க. அதுக்கப்புறம் பதிவான காயங்கள் கூடிடுச்சு. இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்னு கேக்குறான். நீங்க எதை டிக் பண்ணியிருக்கீங்க? முன்னாடி மேற்பார்வையாளர்கள் காயங்களை மறைச்சிருக்காங்கன்னு."

"ஆமா. பின்ன? ஹெல்மெட் போட்டா எப்படிக் காயம் கூடும்? முன்னாடி எழுதாம விட்டிருப்பான். இப்பதான் ஒழுங்கா எழுத ஆரம்பிச்சிருப்பான்."

"அது பத்தியில எங்க இருக்கு?"

"பத்தியில எதுக்கு இருக்கணும்? மறைக்கிறவன் எழுதி வச்சிட்டா மறைப்பான்? உலகத்துல நடக்காததா?"

"உலகத்துல நடக்குது அண்ணி. பத்தியில நடக்கல."

ஏழுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க முகம் தெரியாத மனிதர்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்டுக் கேட்டு வயிறு வளர்க்கிறவள் அவள். அவளைப் பார்த்து, உனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்கிறது. அதற்கு இவள் வக்காலத்து.

"சரியான விடை என்னவாம்?"

"பதிவான காயங்கள் கூடினதுக்கு ஹெல்மெட் இல்லாத வேற காரணமும் இருக்கலாம்."

"இதச் சொல்ல ஒரு தேர்வா? இதுக்கு ஒரு பிசினஸ் ஸ்கூலா? எல்லாத்துக்கும்தான் வேற காரணம் இருக்கலாம்."

"அதனாலதான் அது சரியான விடை," என்றாள் பாப்பா, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

இவ்வளவு எரிச்சலோடு இந்தத் தேர்வை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டால், அதற்குக் காரணம் கோட்டு.

கோட்டு என்பது கன்ட்ரோல் ரூமின் புது மேலாளர். ஏசிக்குப் பயந்து எப்போதும் கோட்டுப் போட்டிருப்பான், அதனால் அந்தப் பெயர். முப்பது வயது, பெரிய பிசினஸ் ஸ்கூல் படிப்பு, தன் வாழ்நாளில் ஒரே ஒரு அவசர அழைப்பைக்கூட எடுத்ததில்லை. அவன் வந்த மூன்றாம் மாதம் ஒவ்வொரு மேசையிலும் லேமினேட் செய்த ஒரு அட்டை வந்து உட்கார்ந்தது. அட்டையில் பதினோரு கேள்விகள். அந்தப் பதினொன்றைத்தான் கேட்க வேண்டும், அந்த வரிசையில்தான் கேட்க வேண்டும், தொண்ணூறு விநாடிக்குள் முடிக்க வேண்டும். பதிலைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பென்றால் வண்டி உடனே கிளம்பும். மஞ்சளென்றால் வரிசையில் காத்திருந்து கிளம்பும். பச்சையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு நர்ஸ் திருப்பிக் கூப்பிடுவார். அட்டையின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு விதி: தெளிவாக 'ஆமாம்' என்று வராத பதில் அனைத்தையும் 'இல்லை' என்று குறிக்கவும்.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஏழு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மனுஷன் உயிர் போகிற நேரத்தில் தெளிவாகவா பேசுவான்? போன வருஷம் ஒரு பெண் கூப்பிட்டாள். அப்பா தூங்குகிறார், எழுப்பினால் எழுந்திருக்கவில்லை, நல்லாக் குறட்டை விடுகிறார் என்றாள். மூச்சு விடுகிறாரா என்பது அட்டையின் கேள்வி. விடுகிறார் என்பது பதில். அட்டைப்படி மஞ்சள். ஏழு அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, போனை அவர் வாய்ப்பக்கம் வைக்கச் சொல்லி அந்தக் குறட்டையைக் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அது குறட்டையில்லை, இதயம் நின்றுகொண்டிருக்கிற மனிதனின் கடைசி மூச்சு. வண்டி பறந்தது. அந்தப் பெண்ணை நெஞ்சை அமுக்க வைத்துக்கொண்டே இருந்தாள். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஏழுவுக்கு என்ன கிடைத்தது? அட்டையைத் தாண்டிக் கேள்வி கேட்டதற்கும் நாற்பது விநாடி கூடுதலாக எடுத்ததற்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கோட்டின் அறைக்குப் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அவன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"உங்க அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனா இது கொள்கை முடிவு. அந்த முடிவை எடுக்குற மேசைக்குன்னு ஒரு தகுதி இருக்கு. நீங்களும் படிச்சிட்டு வாங்க, வந்து பேசுங்க. யார் வேணாம்னா?"

சரிடா, படிச்சிட்டு வர்றேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் அந்த அறையை விட்டு வெளியே வந்தாள்.

ஆம்புலன்ஸ் நிர்வாகம் வருஷத்துக்கு ஒரு ஊழியரைப் பிசினஸ் ஸ்கூலுக்கு அனுப்பும். திரும்பி வந்ததும் திட்டப் பிரிவில் இடம். அட்டைகளை எழுதுவதும் கிழிப்பதும் அந்தப் பிரிவுதான். நிபந்தனை மூன்று: தேர்வில் நாற்பது நாற்பது, மேலாளரின் பரிந்துரை, நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். ஏழுவுக்கு முப்பத்தொன்பது. தேர்வை வருஷத்துக்கு நான்கு முறைதான் எழுத விடுவார்கள். மூன்று போய்விட்டது.

"ஒரு தடவைதான் பாக்கி," என்றாள் பாப்பா. "இனிமே நான் சொல்றதக் கேப்பீங்களா, மாட்டீங்களா?"

"சொல்லித் தொலை."

பாப்பாவின் வைத்தியம் எளிமையானது. பத்தியைப் படி. விடைகளைப் படி. எந்த விடை சரி என்று நினைக்கிறாயோ, அதைச் சொல்கிற வரியின் மேல் விரலை வை. விரல் வைக்க வரி இல்லையென்றால் அது விடையே இல்லை. உனக்கு எவ்வளவு தெரிந்தாலும் இல்லை. உன் பதினான்கு வருஷ அனுபவம் கத்தினாலும் இல்லை.

முதல் வாரம் யுத்தம். ஏழு ஒரு விடையைச் சொல்வாள், பாப்பா "விரல்?" என்பாள், ஏழு பத்திக்கு வெளியே இருக்கிற உலகத்தையெல்லாம் இழுத்து வருவாள். நகரத்து நூலகம் சாயங்காலம் மூடினால் வேலைக்குப் போகிறவன் எங்கே போவான் என்று சண்டை பிடித்தாள். பால் பண்ணையில் உற்பத்தி கூடிவிட்டது என்று எழுதியவன் தண்ணீர் கலந்ததை எழுதவில்லை என்று சத்தியம் செய்தாள். ஒருநாள் பாப்பா அவள் கையைப் பிடித்து மேசையில் வைத்து, "அண்ணி, இவங்க யாரும் சாகப் போறதில்ல. இவங்க யாருமே இல்ல. வெறும் பத்தி. நம்பிட்டுப் போங்களேன்," என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு நம்பினாள். காலையில் ஷிப்டுக்கு முன் பத்து பத்தி, சாயங்காலம் வந்து இருபது பத்தி. பஸ்ஸில் நின்றுகொண்டே விரல் வைத்தாள். ஐந்தாவது வாரம் மாதிரித் தேர்வில் முப்பத்திரண்டு. எட்டாவது வாரம் முப்பத்தெட்டு. கேள்விகள் அவளுக்குள் எழும்புவது குறைந்தது, வேகம் கூடியது. தேர்வு இவ்வளவு சுலபமா என்றுகூட இருந்தது.

புருஷன்தான் முதலில் வித்தியாசத்தைக் கண்டுபிடித்தான்.

"தலை வலிக்குது," என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

"சரி," என்றாள் ஏழு, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

"எப்ப இருந்துன்னு கேக்கலையா? வாந்தி வருதா, வெளிச்சம் கூசுதா, எந்தப் பக்கம்னு ஒண்ணும் கேக்க மாட்டியா? கல்யாணமான நாள்ல இருந்து ஒரு தும்மலுக்கு அரை மணி நேரம் விசாரணை பண்ணுவியே."

"தலை வலிக்குதுன்னு சொன்னீங்க. மாத்திரை போடுங்க."

"நல்லாத்தான் படிக்கிற," என்று சொல்லிவிட்டு அவனே எழுந்து போய் மாத்திரை எடுத்துக்கொண்டான். மூன்று பேரும் அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

நான்காவது முறை நாற்பத்து மூன்று வந்தது.

பாப்பா அண்ணியைத் தூக்கிச் சுற்ற முயன்று இருவரும் சோபாவில் விழுந்தார்கள். ஏழு அந்த எண்ணைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டாள். இனி பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. எச்சரிக்கை வாங்கியவளுக்குக் கோட்டு தருவானா என்பதுதான் கவலை. அதனால் மேசையில் ஒழுங்காக இருந்தாள். அட்டையை அட்டையாகவே படித்தாள். ஒரு மாதமாகவே அது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. ஏன் கஷ்டமாக இல்லை என்று அவள் யோசிக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை காலை பத்தரைக்கு ஒரு அம்மா கூப்பிட்டார்.

"ஒண்ணும் பெருசா இல்லம்மா. தொந்தரவு பண்றேனோ என்னமோ. கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு. ராத்திரி அது மேலயே படுத்துட்டேன் போல."

"மூச்சு விடச் சிரமமா இருக்கா?"

"இல்லம்மா."

"நெஞ்சு வலி இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. கப்புதான் ஒடஞ்சுபோச்சு. இன்னைக்கு ரெண்டாவது கப்பு. என் பொண்ணு வாங்கிக் குடுத்தது, வந்தா திட்டுவா."

"முகம் ஒரு பக்கம் கோணியிருக்கா?"

"கண்ணாடி பாக்கலியேம்மா."

தெளிவான 'ஆமாம்' இல்லை. இல்லை என்று குறித்தாள். பதினோரு கேள்வி, எழுபத்தோரு விநாடி, பச்சை. நர்ஸ் திருப்பிக் கூப்பிடுவாங்க என்று சொல்லி வைத்தாள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அட்டைக்குப் பயந்து ஒரு கேள்வியை அவள் விழுங்கவில்லை. அப்படி விழுங்கியிருந்தால் அது தொண்டையிலாவது உறுத்தியிருக்கும். அவளுக்குக் கேள்வி வரவே இல்லை. ஒரே காலையில் இரண்டு கப்பைக் கீழே போட்ட கை எந்தக் கை என்று கேட்கத் தோன்றவே இல்லை. பழைய ஏழுவாக இருந்தால், அந்த அம்மாவை எழுப்பிக் கண்ணாடி முன் நிறுத்திச் சிரிக்கச் சொல்லியிருப்பாள்.

நர்ஸ் இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. மதியம் இரண்டு மணிக்கு எட்டாம் மேசைப் போனில் ஒரு பெண்ணின் குரல் அலறியது, அம்மா தரையில் கிடக்கிறாள் என்று. அந்த மேசையில் இருந்தவர் விலாசத்தைச் சத்தமாகச் சொல்லித் தட்டச்சு செய்தபோது ஏழு தன் திரையைப் பார்த்தாள். அதே விலாசம்.

மறுநாள் வண்டியின் டிரைவர் காபி மெஷின் பக்கத்தில் வைத்துச் சொன்னார். அவர் குறை சொல்லவில்லை, விஷயத்தைச் சொன்னார்.

"உசுரு இருக்கு. வலது கையும் காலும் போயிடுச்சு. காலையிலேயே கொண்டுவந்திருந்தா ஒரு ஊசி போட்டிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. நேரம் தாண்டிடுச்சாம்."

ஏழு காபியைக் கழுவுதொட்டியில் கொட்டினாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, அதுவும் எங்கே போய் முட்டுவது என்று தெரியாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை கோட்டு அவளைக் கூப்பிட்டான். விசாரணை என்றுதான் நினைத்துப் போனாள். கேட்கட்டும், சொல்கிறேன், என்ன தண்டனை கொடுத்தாலும் கொடுக்கட்டும் என்று தயாராகப் போனாள். கோட்டு எழுந்து நின்று கை கொடுத்தான்.

"புதன்கிழமை அழைப்பைக் கேட்டேன். அருமை. பதினொண்ணும் வரிசையா, ஒரு வார்த்தை கூடக் குறைய இல்லாம. விசாரணைக் குழுவும் கேட்டாச்சு. நம்ம பக்கம் எந்தத் தப்பும் இல்ல."

"அந்த அம்மாவுக்குக் கை போயிடுச்சு சார்."

"வருத்தம்தான். ஆனா அவங்க சொல்லலியே. அவங்க சொல்லாததுக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்?"

மேசையில் இரண்டு தாள்களை வைத்தான். ஒன்று பிசினஸ் ஸ்கூலுக்குப் பரிந்துரைப் படிவம், பாதி நிரப்பியிருந்தது. இன்னொன்று சம்மதப் படிவம். ஒரு அழைப்பின் பதிவைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டுமென்றால் அதை எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒன்பது பேருக்குத் திங்கட்கிழமை பயிற்சி. மாதிரி அழைப்பாக ஏழுவின் எழுபத்தோரு விநாடி.

"நீங்களும் வந்து உக்காருங்க. அது முடிஞ்சதும் இதுல கையெழுத்துப் போட்டுடறேன்," என்றான் பரிந்துரைப் படிவத்தைத் தட்டி.

வீட்டுக்கு வந்ததும் ஏழு பாப்பாவின் மேல் பாய்ந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். விரல் வை, விரல் வை என்று என் தலையில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துவிட்டாய், என் காதைப் பிடுங்கிப் போட்டுவிட்டாய், ஒரு பொம்பளைக்குக் கை போய்விட்டது, உனக்கு மார்க் கிடைத்துவிட்டது என்று கத்தினாள். பாப்பா முழுதாகக் கேட்டாள். அவளுக்கும் கோபம் வரும்.

"நான் பரீட்சைக்குச் சொல்லிக் குடுத்தேன் அண்ணி. ஆம்புலன்சுக்கா சொல்லிக் குடுத்தேன்? பத்தியில இருக்குறவங்க சாகமாட்டாங்கன்னு நான்தானே சொன்னேன். போன்ல இருக்குறவங்களும் பத்தின்னு நினைச்சது யாரு?"

ஏழு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

பாப்பாவின் குரல் இறங்கியது. "கையெழுத்துப் போட்டுடுங்க. ரெண்டே வருஷம். படிச்சிட்டு வந்து அந்த அட்டைய நீங்களே கிழிச்சுப் போடுங்க. எத்தனை பேர் பிழைப்பாங்க, யோசிங்க. இன்னைக்கு வாயத் தொறந்தா என்ன ஆகும்? அந்த அம்மாவுக்குக் கை திரும்ப வருமா? உங்க சீட்டும் போகும், அட்டையும் அங்கேயே உக்காந்திருக்கும்."

"அவ சொல்றது தப்பில்ல," என்றான் புருஷன், தயங்கித் தயங்கி.

தப்பில்லைதான். ஏழுவுக்கும் அது தெரிந்தது. ஒவ்வொரு சொல்லிலும் விரல் வைக்கலாம், அவ்வளவு சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பயிற்சி அறையில் ஒன்பது பேர். சிலர் அவள் வயது, ஒருவர் அவளைவிடப் பெரியவர், ஓய்வுபெற்ற தபால்காரர். முன்வரிசையில் ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், நேர்த்தியானவள், பென்சில் பெட்டியில் அடிக்கோலும் வைத்திருந்தாள். கோட்டு ஏழுவைச் சுவரோரமாக உட்காரவைத்து, "இவங்கதான்," என்று அறிமுகப்படுத்தினான். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பதிவு ஓடியது. தன் குரலை வெளியிலிருந்து கேட்டாள். இனிமையான குரல். அவசரமில்லாத, உப்புச்சப்பில்லாத, யாருடையதோ குரல். ரெண்டு வருஷம், ரெண்டு வருஷம் என்று சொல்லிக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்தது. முடிந்துவிட்டது, இனி எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது கோட்டு ஆளுக்கொரு தாளைக் கொடுத்தான். அதே அழைப்பு, வரி வரியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

"இப்ப ஒரு பயிற்சி. கூப்பிடறவங்க நிறையப் பேசுவாங்க. நமக்கு எல்லாமே தேவையில்ல. அட்டையில இருக்குற பதினோரு கேள்விக்குப் பதில் ஆகாத வரிகள அடிச்சிடுங்க. மிச்சம் என்ன இருக்குன்னு பாப்போம்."

ஒன்பது தலைகள் குனிந்தன. தொந்தரவு பண்றேனோ என்னமோ என்ற வரி போனது. ராத்திரி அது மேலயே படுத்துட்டேன் என்ற வரியில் சிலர் தயங்கினார்கள். ஏழு எழுந்து அவர்கள் பின்னால் நடந்தாள். முன்வரிசைப் பெண் அடிக்கோலை எடுத்து, கப்பு ஒடஞ்சுபோச்சு என்ற வரியின் மேல் வைத்து, கோணாமல் ஒரு கோடு போட்டாள். அடுத்த வரி, ரெண்டாவது கப்பு. அதன் மேலும் ஒரு கோடு. ஏழு அடுத்த நாற்காலியைப் பார்த்தாள், அதற்கடுத்த நாற்காலியைப் பார்த்தாள். ஒன்பது பேரும் அடித்திருந்தார்கள். யாரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவள் வந்து அட்டையைக் கிழிக்கிற வரைக்கும் இவர்கள் ஒன்பது பேரும் தினமும் இப்படித்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

"அந்த வரிதான்," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. கோட்டு புன்னகையோடு நிமிர்ந்தான்.

"நீங்க அடிச்சீங்களே, அந்தக் கப்பு. அதுதான் நோய். ஒரே காலையில ரெண்டு தடவ கையிலிருந்து கப்பு நழுவியிருக்கு. அந்த அம்மாவுக்கு அப்ப மூளையில ரத்தம் அடைச்சுக்கிட்டிருந்தது. அவங்க என்கிட்ட சொன்னாங்க. தெளிவாத்தான் சொன்னாங்க. எனக்குக் காது இல்ல. மதியம் ரெண்டு மணி வரைக்கும் தரையில கிடந்தாங்க. வலது கை போச்சு, கால் போச்சு. இது முன்மாதிரி அழைப்பு இல்ல. இது நான் பண்ண தப்பு."

முன்வரிசைப் பெண் அடிக்கோலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏழு," என்றான் கோட்டு, தணிந்த குரலில், "இது பயிற்சியில இல்ல."

"தெரியும் சார்."

"விசாரணையில தப்பு இல்லன்னு முடிவாயிடுச்சு. நீங்களா ஒண்ணை ஏத்திச் சொன்னா, அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிக்காமத்தான் சார் அந்தம்மாவுக்குக் கை போச்சு. அது உங்க அட்டையால மட்டும் போகல. அட்டை உங்களோடது. வாய் என்னோடது." அவள் குரல் உயர்ந்துவிட்டது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. "தப்பு நடந்ததுன்னு இன்னைக்கே எழுதிக் குடுக்குறேன். என் பேர்லயே குடுக்குறேன். நம்ம பக்கம் தப்பில்லன்னு நீங்க சந்தோஷமா சொன்னீங்க பாருங்க, அந்தச் சந்தோஷத்த என்னால தாங்க முடியல."

தபால்காரர்தான் கேட்டார். "அப்ப என்னம்மா கேட்டிருக்கணும்?"

"சொல்றேன். முதல்ல அடிச்ச வரிய எல்லாரும் திரும்ப எழுதுங்க. உங்க கையெழுத்துல எழுதுங்க. அதுக்குக் கீழ, அந்தம்மா அத சொன்னப்ப உங்களுக்கு என்ன கேக்கத் தோணுதோ அத எழுதுங்க. அட்டையப் பாக்காதீங்க."

பென்சில்கள் ஓட ஆரம்பித்தன. கோட்டு மேசையிலிருந்த பரிந்துரைப் படிவத்தை எடுத்தான். நான்காக மடித்தான், அவசரமில்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. உள் பையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான்.

ஏழு அதைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று மார்க் அந்தப் பையோடு போனதையும், இனி ஒருநாளும் திரும்பி வராது என்பதையும் பார்த்தாள். அந்த அம்மாவை நினைத்தும் வலித்தது, அந்தத் தாளை நினைத்தும் வலித்தது. இரண்டாவது இல்லை என்று அவள் பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

"எழுதியாச்சா?" என்று திரும்பினாள்.

முன்வரிசைப் பெண் தன் தாளை நீட்டினாள். கப்பு வரியின் கீழே, திருத்தமான கையெழுத்தில், எந்தக் கை என்று எழுதியிருந்தாள்.